55 வேற்றுக்கிரகவாசிகளும் எங்கள் அம்மாவும்

பெண் எட்டாவது படிக்கிறாள். போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். ஊர் நூலகத்தில் வார இறுதியில் கேம் ஜாம். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலைக்குள் ஒரு வீடியோ கேம் எழுதி முடிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூட வந்தால் சிறுவர்களும் சேரலாம்.

"ஜாமா? பிரெட்டுல தடவறதா?" என்றாள் தங்கமணி.

வாரம் முழுக்கப் பொட்டி தட்டிவிட்டு சனி, ஞாயிறிலும் அதையே தட்டுவதா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆனால் பதிமூன்று வயசுப் பெண் தானாக வந்து "அப்பா, நீயும் வா" என்று கூப்பிடுவதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? போனேன். போன இடத்தில் கிளம்பிய ஒரு சண்டையும், அதைத் தீர்க்கப் போய் நான் தேடிப் படித்த பழங்கதைகளும்தான் இது.

அங்கே கொடுத்த தலைப்பு 'கூட்டம்'. இரண்டு நாளில் முடிகிற மாதிரி என்ன செய்யலாம் என்று யோசித்தோம். கீழே ஒரு சின்னக் கப்பல், மேலே வரிசை வரிசையாக எதிரிகள், கப்பல் இடமும் வலமும் நகரும், மேல்நோக்கிச் சுடும். அவ்வளவுதான். நான் சின்ன வயசில் திருப்பதிக்குப் போனால், சாமி பார்த்து இறங்கி வந்தபிறகு, நைனா கையில் ஒரு ரூபாய் வைப்பார். அதைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இருந்த பெட்டியில் போட்டு ஆடிய ஆட்டமும் இதே வகைதான். இரண்டு நிமிஷத்தில் ரூபாய் தீர்ந்துவிடும், அதை நினைத்து வீடு வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டு வருவேன். (கொசுவத்தி இத்தோடு நிறுத்தப்படுகிறது.)

சரி, எதிரிகள் யார்? பெண்ணுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "தமிழ் லெட்டர்ஸ்!" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் படுகிற பாடு அவளுக்கு. ண, ன, ள, ழ நான்கும் அவளுடைய பரம விரோதிகள். "எனக்குப் பிடிக்காததை எல்லாம் நிக்க வச்சு சுடணும்ப்பா." நான் சிரித்துவிட்டு சரி என்றேன். நான்கு எழுத்தின் வரிசைகள், ஒவ்வொன்றிலும் 12, மொத்தம் 48 எதிரிகள். கணக்கும் அழகாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல விஜயபுரத்துக்குப் போன் போட்டபோது அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

"எழுத்த சுடறதா? இன்னாடா பேச்சு இது? புஸ்தகத்து மேல கால் பட்டாக்கூட எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்னு உனக்கு சொல்லிக் குடுத்தனே, அத்த நீ அவளுக்கு சொல்லலையா?"

அம்மாவின் கோபத்துக்கு ஒரு பின்னணி உண்டு. எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாற்றம் நடந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அம்மாவுக்குத் தமிழ் எழுத்து பள்ளியில் கிடைத்ததில்லை. தாத்தா திண்ணையில் மணலைக் கொட்டி, அவள் விரலைப் பிடித்து எழுதவைத்துக் கற்றுக்கொடுத்தது. அப்படிச் சேர்த்த ஒவ்வொரு எழுத்தையும் பேத்தி நிற்கவைத்துச் சுடப்போகிறாள் என்றால் வலிக்காதா?

பெண்ணிடம் சொன்னேன். "ஆயாவுக்கு இது கேம்னு புரியலையா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். நடுவில் நான். அரை நாள் ஏற்கெனவே போயிருந்தது.

சுடுவது யாரை என்கிற இந்தத் தகராறு எங்கள் வீட்டில்தான் முதன்முதலாக வந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாத்தாவான ஸ்பேஸ் இன்வேடர்ஸே இதே இடத்தில் தடுக்கி நின்றிருக்கிறது.

அதை உருவாக்கியவர் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் இருந்த டொமொஹிரோ நிஷிகாடோ. அதற்கு முன்பே, 1974இல் ஸ்பீட் ரேஸ், 1975இல் வெஸ்டர்ன் கன் என்று ஆட்டங்கள் செய்தவர். 1976இல் அமெரிக்காவின் அட்டாரி வெளியிட்ட பிரேக்அவுட் அவரை ஆட்டிவைத்தது. பந்தால் செங்கல் சுவரை உடைக்கிற விளையாட்டு அது. செங்கல் சும்மா நிற்காமல் திருப்பி அடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். செங்கலின் இடத்தில் டாங்கி வைத்துப் பார்த்தார், கப்பல், விமானம் வைத்துப் பார்த்தார். அன்றைய இயந்திரத்தில் எதுவும் ஒழுங்காக நகரவில்லை. மனித உருவம் வைத்தபோதுதான் நடை நன்றாக வந்தது. ஆனால் மனிதரைச் சுடுகிற மாதிரி ஓர் ஆட்டம் வெளியே போவது சரியல்ல என்று அது கைவிடப்பட்டது.

அப்போது அமெரிக்காவில் ஸ்டார் வார்ஸ் படம் வந்து (1977) எங்கு பார்த்தாலும் விண்வெளிப் பேச்சு. வேற்றுக்கிரகவாசி என்றால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? எச். ஜி. வெல்ஸின் நாவலில் செவ்வாய்க்காரர்கள் ஆக்டோபஸ் மாதிரி இருப்பார்கள். அதிலிருந்து பிடித்து ஆக்டோபஸ், நண்டு, கணவாய் என்று கடல் சாமான்களை வரிசையாக நிற்கவைத்தார். வரிசைக்கு 11, ஐந்து வரிசை, மொத்தம் 55. ஆட்டம் 1978இல் வெளிவந்தது. மனசாட்சி ஒரு கதவைச் சாத்தியதால் கிடைத்த உருவங்கள் அவை. இன்றைக்கு டீ ஷர்ட்டிலும் சுவரோவியத்திலும் அந்த நண்டைப் பார்க்கும்போது யாருக்கும் அது நினைவு வராது.

(ஒரு சின்ன இடைச்செருகல். நிஷிகாடோ வானத்திலிருந்து ஆட்களை இறக்கிய அடுத்த வருஷம், எங்கள் பக்கத்தில் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் மேலே ஏற்றப் பார்த்தார்கள். எஸ்எல்வி-3 முதல் முறை 1979 ஆகஸ்ட் 10இல் கிளம்பி வங்கக்கடலில் விழுந்தது. அடுத்த முறை, 1980 ஜூலை 18இல், 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. மேலே போவது, கீழே வருவது இரண்டும் ஒரே காலத்துச் சங்கதி என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.)

அந்த ஆட்டத்தில் இன்னொரு கதவையும் இயந்திரமே சாத்தியது. அதில் இருந்தது இன்டெல் 8080 என்கிற சில்லு, வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். படம் கறுப்பு வெள்ளை. வண்ணம் வேண்டுமென்றால் கண்ணாடிமேல் கலர் செலோஃபேன் தாளை ஒட்டினார்கள். நிஷிகாடோ ஆட்டத்தை மட்டுமல்ல, அதற்கான மின்சுற்றையும், நிரல் எழுத வேண்டிய கருவிகளையும் சேர்த்தே செய்தார். ஏறக்குறைய ஒரு வருஷ வேலை.

இத்தனை சின்ன சில்லு 55 பேரை ஒரே நேரத்தில் நகர்த்த முடியாது. நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் எழுதியிருப்பது இது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் ஒருவரை மட்டும் எடுத்து ஓரடி நகர்த்தி வரைந்துவிட்டு, நிரல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. ஆக 55 பேரும் ஓரடி வைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி. பாதிப் பேர் செத்தால் அரை நொடி போதும். கடைசியில் ஒருவன் மட்டும் மிஞ்சினால் நொடிக்கு 60 அடி, பேய் மாதிரி ஓடுவான். எடை போட ஓர் ஆள் மட்டும் இருக்கிற ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை குறையக் குறைய நம் முறை சீக்கிரம் சீக்கிரம் வரும் இல்லையா, அதேதான்.

கூட்டம் குறைந்தால் வேகம் கூடுவதை நிஷிகாடோ சரிசெய்யாமல் அப்படியே விட்டுவைத்தார். ஆடுகிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதே அதனால்தான். பின்னணியில் தடக், தடக் என்று நான்கு சுரம் திரும்பத் திரும்ப வரும், அதுவும் வேகமெடுக்கும். ஆடுகிறவன் ஜெயிக்க ஜெயிக்க ஆட்டம் கடினமாகிற அந்த வழக்கம், சில்லுக்கு முடியாமல் போனதால் கிடைத்தது. (இந்த ஆட்டத்தால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்தது என்று ஒரு கதையை எல்லோரும் எழுதுவார்கள். நம்ப வேண்டாம், அதற்குச் சான்று இல்லை.)

இதைப் பெண்ணிடம் சொன்னபோது, கோபத்தை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் ஆட்டத்தில் அதுவரை இருந்த பெரிய குறை என்னவென்றால் சலிப்பு. இன்றைய மடிக்கணினிக்கு 48 எழுத்தை நகர்த்துவது தூசு மாதிரி. எல்லாம் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தன. "அப்போ நம்ம கம்ப்யூட்டரையும் ஏழையாக்கலாமா?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன், வெளியே மைனஸ் டிகிரி குளிரிலும். ஒரு சுற்றுக்கு ஓர் எழுத்து மட்டும்தான் நகர வேண்டும் என்று நிரலை மாற்றினோம், நாலே வரி. ஆட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது.

யோசித்தால், கேம் ஜாம் என்கிற ஏற்பாடே இப்படி வேண்டுமென்று ஏழையாவதுதான். சில்லுக்குப் பஞ்சம் தீர்ந்த காலத்தில் நேரத்துக்குப் பஞ்சத்தை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்.

ஆரம்பத்தில் நேரம் தாராளமாகவே இருந்தது. 1961-62இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 என்ற கணினியில் ஸ்பேஸ்வார் எழுதினார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் பெறுமான இயந்திரம், அதில் விளையாட்டு! ரஸ்ஸல் மகா சோம்பேறி என்று பெயரெடுத்தவர். சைன், கொசைன் கணக்குக்கு நிரல் இல்லையே என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். நண்பர் ஆலன் கோட்டோக் நேராகக் கணினி செய்த டிஇசி நிறுவனத்துக்கே போய் அந்த நிரல் நாடாவை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தார், "இப்போ என்ன சொல்றே?" என்பதுபோல. அதற்கப்புறம் சுமார் 200 மணி நேர வேலை. பிறகு பீட்டர் சாம்சன் பின்னணியில் நிஜ வானத்து நட்சத்திரங்களைப் போட்டார், டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஈர்ப்பு விசையோடு ஒரு சூரியனை வைத்தார். ஆளாளுக்கு வந்து ஒரு கை போட்டுவிட்டுப் போவது. நம் ஊர்க் கல்யாண வீட்டில் காய் நறுக்குகிற மாதிரி.

அந்தக் கூட்டுச் சமையல் பெரிய நிறுவனங்கள் வந்தபிறகு காணாமல் போனது. ஓர் ஆட்டத்துக்கு நூறு பேர், மூன்று வருஷம் என்றானபிறகு யார் விளையாட்டாக எதையாவது செய்து பார்ப்பார்கள்? 2002 மார்ச்சில் கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரெட் முதலான சிலர் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் நான்கு நாள் கூடி, ஆளுக்கொரு புது ஆட்டம் செய்து பார்த்தார்கள். பெயர் இண்டி கேம் ஜாம். பாட்டுக்காரர்கள் கூடி முன்தயாரிப்பில்லாமல் வாசிப்பதை ஜாம் என்பார்கள், பெயர் அந்த வழியில் வந்தது (தங்கமணி கவனிக்க). அந்த முதல் ஜாமுக்காகப் பாரெட் எழுதிய நிரல், திரையில் ஒரு லட்சம் உருவங்கள் வரை நகர்த்தும். 1978இல் 55க்கே மூச்சு வாங்கியது, 24 வருஷத்தில் ஒரு லட்சம்!

அடுத்த மாதமே, 2002 ஏப்ரலில், ஜெஃப் ஹௌலண்ட் இணையத்தில் லூடும் டேர் என்ற போட்டியைத் தொடங்கினார். முதல் முறை 24 மணி நேரம், பின்னாளில் 48 ஆனது. யாரும் எங்கும் போக வேண்டாம், அவரவர் வீட்டிலிருந்தே செய்யலாம். 2009 ஜனவரி 30இல் தொடங்கி மூன்று நாள் நடந்த முதல் குளோபல் கேம் ஜாமில் 23 நாடுகளில் 53 இடங்களில் ஒரே வார இறுதியில் உட்கார்ந்தார்கள். எங்கள் நூலகத்துக்காரர்கள் எல்லாம் அந்த வழித்தோன்றல்கள்தான்.

நம் மாதிரி ஆணி பிடுங்குகிறவர்களுக்கு ஆறுதலாக இன்னொருவரைச் சொல்ல வேண்டும். ஜப்பானின் கெண்டா சோ. பகலில் வேலைக்குப் போய்வருகிற பொறியாளர், மிச்ச நேரத்தில் சின்னச் சின்னச் சுடும் ஆட்டங்களை எழுதி மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்தார். 2004இல் அவர் செய்த டுமிகி ஃபைட்டர்ஸில், சுட்டு வீழ்த்திய எதிரியின் துண்டுகளைப் பிடித்து நம் விமானத்தில் ஒட்டிக்கொள்ளலாம். சுடுவது அழிப்பதற்காகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது அதைப் பார்த்தால் புரியும். எனக்கு அது சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத்தான் புரிந்தது, அதுவும் ஒரு பிழையின் தயவில்.

எதிரிமேல் குண்டு பட்டால் சிதற வேண்டும் இல்லையா? எழுத்தைத் துண்டு துண்டாக்கி நாலாபக்கமும் எறிகிற மாதிரி எழுதியிருந்தேன். 'ழொ'வைச் சுட்டாள். திரையில் ஒரு பக்கம் 'ழ' பறந்தது. இன்னொரு பக்கம் ஒரு புள்ளிவட்டம், அதற்கு இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலுமாகப் பறந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடுக்கு அது இரண்டு. ழ ஒன்று, கொம்புகால் ஒன்று.

அட்டாரியின் ஆஸ்டிராய்ட்ஸ் (1979, லைல் ரெய்ன்ஸின் யோசனை, எட் லாக்கின் நிரல்) ஞாபகம் வந்தது. அதில் பெரிய பாறையைச் சுட்டால் மறையாது, சின்னப் பாறைகளாக உடையும். நாம் உடைப்பது எழுத்து. எழுத்தை உடைத்தால் என்ன வரும்? உயிரும் மெய்யும். இரண்டாம் வகுப்புப் பாடம்!

"அப்போ இது சுடறது இல்லப்பா, பிரிக்கறது" என்றாள் பெண்.

விஜயபுரத்தில் ஞாயிறு காலை விடிந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "பிரிச்சா பரவால்ல. எழுதச் சொல்லிக் குடுக்கும்போது நாங்களும் பிரிச்சுதான சொல்லுவோம். ஆனா கீழ வுழ வுடக்கூடாது, சொல்லிட்டேன். புடிச்சிக்கணும்" என்றாள்.

ஆட்டத்தின் முக்கிய விதி அப்படித்தான் வந்தது. சுட்டதும் எழுத்து உயிராகவும் மெய்யாகவும் பிரிந்து இறங்கும். கப்பல் இரண்டையும் பிடிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொண்டு மேலே போய்க் கூட்டத்தில் சேர்ந்துவிடும். நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் இது வந்திருக்காது.

செய்யும்போது ஒரு சிக்கல். 'ழொ' உடைகிறது, 'ழா' உடைகிறது, 'ழ' மட்டும் உடையவே மாட்டேன் என்கிறது. பெண்தான் கண்டுபிடித்தாள். இலக்கணப்படி ழ் முதலில், அதோடு அ சேர்ந்தால் ழ. கணினிக்குத் தலைகீழ். ழ என்பதுதான் அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால் ழ். 1991இல் வந்த யூனிகோடு, இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றி எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சில் கட்டம் போட்டதால் வந்த வினை. இதைப் பற்றி நம் ஆட்கள் எத்தனை வருஷம் அடித்துக்கொண்டோம்! உயிர்மெய்க்கெல்லாம் தனித்தனி இடம் தருகிற டேஸ் 16 முறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்ததும் அந்தச் சண்டையின் கடைசியில்தான். என் கட்சி எது என்று இப்போது சொல்லி வம்பை விலைக்கு வாங்கப்போவதில்லை. எங்கள் ஆட்டத்துக்கு 48 எழுத்தையும் கையால் பிரித்து ஓர் அட்டவணை போட்டோம். ணௌ, ளௌ, ழௌ என்று வாழ்நாளில் யாரும் எழுதியிராத எழுத்துகளை எல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு அவள் சத்தமாகச் சொல்லச் சொல்ல, நான் அடித்தேன்.

இடையில் அவள் கேட்டாள், "தமிழ்ல கேம் பண்ணா யாருப்பா விளையாடுவாங்க?" வெண்பாவைப் பற்றிச் சொன்னேன். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு, இட்லி, புட்டு என்று போகிற ஆட்டம். டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருது வாங்கியது. இதற்கும் சுடுவதற்கும் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் அவள் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒப்படைத்தோம். ஒலி இல்லை. மதிப்பெண் எண்ணிக்கை தப்பு. நான்காவது வரிசை சில சமயம் திரைக்கு வெளியே போய்விட்டு வரும். பக்கத்து மேசைப் பையன் ஒருவன், தமிழ் என்றால் என்ன என்றே அறியாதவன், பதினைந்து நிமிஷம் எழுந்திருக்காமல் ஆடினான். கடைசி 'ழு' திரையில் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. முதல் பரிசு பென்குயின் கூட்டம் ஒன்றுக்குப் போனது, நியாயமான தீர்ப்பு.

வீட்டுக்கு வந்து ஆட்டத்தைப் படம்பிடித்து வாட்ஸப்பில் அம்மாவுக்கு அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"நல்லாதான் கீது. ஆமா, கீழ ஒண்ணு ஓடிகினு கீதே, அது இன்னா?"

"அதுதான் ஆயா கப்பல். அதுலேர்ந்துதான் சுடறது."

"கப்பல் எதுக்கு கண்ணு? சுடறதுக்குன்னே ஓர் எழுத்து கீதே. மூணு புள்ளி. ஆயுத எழுத்து."

பெண் என்னைப் பார்த்தாள். "நேரம் முடிஞ்சு போச்சும்மா, ஒப்படைச்சாச்சு" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் மடிக்கணினியை மறுபடி திறந்துவிட்டாள்.